ஆம்னி ஆக்ஸிலில் ஓடும் குட்டிக் கார்: பின் சஸ்பென்ஷனுக்கு எந்த வழி?

சதுரக் குழாயில் சேசிஸ் கட்டி, பழைய வண்டியின் எஞ்சினையும் ஆக்ஸிலையும் அதில் பூட்டி, இரண்டு பேர் உட்காரும் சின்னக் காரைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். 1957-இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன்தான் இந்த உருவத்துக்கு மூலம்: நீளமான மூக்கு, தாழ்ந்த உடல், பின் ஆக்ஸிலை ஒட்டி இரண்டு இருக்கை. பெரியபட்டினத்தில் என் மச்சான் செய்து வைத்திருப்பதும் அதே உருவம்தான். உள்ளே மாருதி ஆம்னி வேனின் 796 சிசி எஞ்சின், ஆம்னி கியர்பாக்ஸ், ஆம்னி பின் ஆக்ஸில், அதோடு வந்த கமான் பட்டை, அதாவது இலை இலையாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் சொன்னபடி கேட்கிறது. பின்பக்கம் மேடு பள்ளத்தில் குதிக்கிறது. வளைவில் ஒரு கணம் தாமதித்துத்தான் பின்னால் வருகிறது. பின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டை, மாற்றியே ஆக வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் பேச்சு.

வழிகளுக்குப் போகும் முன் சட்டம் பற்றிக் கொஞ்சம். வகை ஒப்புதல் (ஒரு மாடலைச் சோதித்துத் தருகிற அனுமதி) இல்லாமல் வீட்டில் கட்டிய காருக்குப் பதிவு எண் வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம். பதிவான ஆம்னியையே எடுத்துப் பின்பக்கத்தை மாற்றலாமே என்றால் அதுவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே இந்த வண்டி ஓடுவது மச்சானின் தென்னந்தோப்புக்குள் இருக்கிற மணல் பாதையில். எப்போதாவது லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற பின்பக்கம்தான் எங்களுக்கு வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அது உப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடாவிலிருந்து வருகிற ஈரம் தோப்பு முழுக்கப் படிகிறது. மூடி வைத்த ஷெட்டுக்குள்ளும் ஸ்பேனர் துருப்பிடிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் என்று பார்த்துப் பார்த்துப் போட்டதும் இந்தக் காற்றுக்காகத்தான். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர் எழுதிய ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான். அங்கே சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எடையைப் பார்ப்பார்கள். இங்கே முதலில் எண்ண வேண்டியது ஜாயின்ட்டுகளை. அசைகிற ஒவ்வொரு இடமும் உப்புக்கு ஒரு வாசல்.

இனி எடை. மீன் பெட்டி எடை போடுகிற பிளாட்பாரத் தராசு இரண்டை வாங்கிவந்து பின் சக்கரங்களுக்குக் கீழே வைத்தோம். முன் சக்கரங்களையும் அதே உயரத்துக்குப் பலகை வைத்துத் தூக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். காலி வண்டி 540 கிலோ. அதில் பாதி, 270 கிலோ, பின்னால். ஆக்ஸில், டிரம், சக்கரம், டயர் எல்லாம் சேர்த்து 75 கிலோ. இது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. மீதி 195-ஐத்தான் ஸ்பிரிங் தாங்குகிறது, பக்கத்துக்கு ஏறக்குறைய 97 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் அவர்கள் எடையில் பெரும்பகுதி பின் ஆக்ஸில் மேல்தான் விழும். அப்போது பக்கத்துக்கு 153 கிலோ ஆகிறது.

இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஆள் ஏறினதும் ஸ்பிரிங் மேல் பாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. சாதாரணக் காரில் இவ்வளவு வித்தியாசம் வராது. ஸ்பிரிங்கின் விறைப்பை மில்லிமீட்டருக்கு 1.5 கிலோ (ஒரு மி.மீ. அமுக்க 1.5 கிலோ பாரம்) என்று வைத்தால், காலியில் 65 மி.மீ. அமுங்கும், வினாடிக்குக் கிட்டத்தட்ட 2 முறை ஆடும். இரண்டு பேரோடு 102 மி.மீ. அமுங்கும்; ஆட்டம் 1.6-க்கு இறங்கும். இந்த அளவு சின்ன வண்டிக்குச் சரியாக இருக்கும். இதைவிட மென்மையாக்கினால் ஆள் ஏறினதும் வண்டி தரையோடு ஒட்டும். கடினமாக்கினால் தனியாக ஓட்டுகிறவரின் முதுகு பேசும். ஆக நமக்கு வேண்டியது சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 1.5 கிலோ, 100 மி.மீ. அமுக்கத்துக்கு மேல் சக்கரம் ஏற இன்னும் 60 மி.மீ. ஓட்டம். எந்த வழியை எடுத்தாலும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, இருக்கிற பட்டையிலேயே இலைகளைக் குறைப்பது. ராமநாதபுரத்தில் எங்களுக்கு வேலை செய்து தருகிற லேத் பட்டறைப் பெரியவர் இதைத்தான் சொல்கிறார்: "பட்டையிலேயே விட்டுருங்க தம்பி. அது பாட்டுக்குக் கிடக்கும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டை ஸ்பிரிங் ஒரே பொருளாக இருந்துகொண்டு இரண்டு வேலை செய்கிறது. பாரத்தையும் தாங்குகிறது, ஆக்ஸிலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடாமல் பிடித்தும் வைக்கிறது. பக்கத்துக்கு முன் கண்ணில் (பட்டை முனையில் இருக்கிற வளையம்) ஒரு புஷ் (ரப்பர் உருளை), பின்னால் ஷாக்கிளில் (பட்டையைச் சேசிஸோடு சேர்க்கிற ஆடும் இணைப்பு) இரண்டு, அவ்வளவுதான். ஜாயின்ட் கணக்கில் இதை வெல்ல எதுவும் கிடையாது.

ஆனால் ஆம்னிப் பட்டை, ஆளும் சாமானும் நிறைந்த வேனைத் தாங்கச் செய்தது. நம் வண்டிக்கு அது ரொம்பவே விறைப்பு. மென்மையாக்க இலைகளை உருவினால், பாரம் தாங்குகிற விறைப்போடு சேர்ந்து ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிற விறைப்பும் போய்விடுகிறது. கிளட்சை விட்டதும் ஆக்ஸில் ஹவுசிங், அதாவது ஆக்ஸிலின் வெளிக்கூடு, சுழல முயலும். பட்டை வளைந்து நெளியும். பிறகு விடுபட்டுத் திரும்பும். இது அடுத்தடுத்து நடக்கும்போது சக்கரம் தரையில் தட்டித் தட்டிக் குதிக்கிறது. இளகின மணலில் வண்டியை எடுக்கும்போது இதைவிடக் கெட்டது வேறில்லை. குதிக்கிற சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இதைத் தடுக்க ஆக்ஸிலிலிருந்து முன்னால் சேசிஸுக்கு ஒரு கம்பி போடலாம். அந்தக் கம்பி பட்டையின் முன்பாதி நீளத்துக்கு நெருக்கமாகவும் அதற்கு இணையாகவும் இருந்தால்தான் வேலை செய்யும். நீளம் வேறுபட்டால் கம்பியும் பட்டையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, மென்மையாக்கிய பலனை அழித்துவிடும்.

எந்த இலையை உருவுவது என்பதும் கவனிக்க வேண்டியது. கண் உள்ள முதல் இலையையும், அதற்கு ஒட்டிக் கீழே வருகிற இரண்டாவது இலையையும் தொடக் கூடாது. முதல் இலை உடைந்தால் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தக் கொஞ்சமாவது உதவுவது அந்த இரண்டாவதுதான். மிஞ்சின இலைகளுக்கு இடையே உப்புத் துரு ஏறினால் உரசல் கூடி, சின்ன மேட்டுக்குப் பட்டை அசையவே அசையாது. பெரிய மேட்டில் திடீரென்று விடும். கிரீஸ் தடவலாமே என்பார்கள். தோப்பு மணல் கிரீஸில் ஒட்டினால் அது அரைக்கிற பசையாகிவிடும். இலை முனைகளுக்கு இடையில் நைலான் துண்டு வைப்பது நல்லது. மேலே தார்ப்பாலின் துணியால் உறை தைத்துப் போடுவது அதைவிட நல்லது. இவ்வளவு செய்தும் ஸ்பிரிங் விறைப்பை நாம் நினைத்த எண்ணில் நிறுத்த முடியாது. செலவு குறைவு, ஒரு நாளில் முடியும், தோப்புக்குள் மட்டும் ஓடினால் போதும் என்கிறவர்களுக்கு இது போதும். ரேஸ் டிராக் ஆசை இருக்கிறவருக்குப் போதாது.

இரண்டாவது வழிக்குத்தான் என் ஓட்டு. ஆம்னி ஆக்ஸில் அப்படியே இருக்கட்டும். பட்டையைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடுவது. பட்டை செய்த இரண்டாவது வேலையை, அதாவது ஆக்ஸிலைப் பிடித்துவைப்பதை, இப்போது கம்பிகள் செய்ய வேண்டும். பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நான்கு நீளவாட்டுக் கம்பிகள். பக்கவாட்டு அசைவுக்குக் குறுக்காக ஒன்று, அதைப் பான்ஹார்ட் கம்பி என்பார்கள். ஆக ஐந்து கம்பி, பத்து புஷ். பட்டையைவிட அதிகம்தான். ஆனால் எல்லாம் ஒரே அளவு ரப்பர் புஷ்ஷாக இருக்கும்படி வடிவமைத்தால், ஒரு பெட்டி புஷ் வாங்கி வைத்துக்கொண்டு தேய்ந்ததை மாற்றிக்கொண்டே போகலாம்.

இங்கேதான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். ரேஸ் வண்டிப் படங்களைப் பார்த்துவிட்டு ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக இரும்பு ரோஸ் ஜாயின்ட் போடுகிறார்கள். டிராக்கில் அது துல்லியமாக இருக்கும். இங்கே அதன் உருண்டைக்கும் கூட்டுக்கும் நடுவே மணலும் உப்பும் போய் உட்காரும். ஒரு மழைக்காலம் தாண்டினால் கடகடவென்று சத்தம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது நான்கு கம்பிகளும் ஆக்ஸிலைக் கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். ரப்பர் இருந்தால் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். இரும்பாக இருந்தால் அது முழுக்க ஆக்ஸில் ஹவுசிங்கில் வெல்டிங் செய்த பிராக்கெட்டுக்குப் போகும். லோட்டஸ் செவனின் இரண்டாவது தொடரில் ஆக்ஸிலைப் பிடிக்க ஒரு ஏ வடிவச் சட்டத்தை ஹவுசிங்கின் நடுவில் மாட்டினார்கள். மெல்லிய ஹவுசிங் அந்தப் பாரத்தில் நெளிந்து எண்ணெய் கசிந்தது அந்த வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த கதை. ஆம்னி ஹவுசிங்கும் மெல்லியதுதான். பிராக்கெட்டை நடுவில் வைக்காமல், பழைய பட்டை உட்கார்ந்த இடத்தில், அகலமான தகட்டோடு வைத்து, சூட்டில் ஹவுசிங் வளையாதபடி விட்டு விட்டு வெல்டிங் செய்ய வேண்டும்.

கம்பிகளின் சாய்வு இந்த வேலையின் உயிர். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் ஒரே நீளமாக, பக்கவாட்டில் பார்த்தால் இணையாக இருந்தால், சக்கரம் ஏறி இறங்கும்போது பினியனின் (ஆக்ஸிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகிற சின்னப் பல்சக்கரம்) கோணம் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வருகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் பிழைக்கும். அடுத்து, கம்பியின் முன் முனை ஆக்ஸில் முனையைவிட உயரத்தில் இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிச் சக்கரம் பின்னால் தள்ளப்படும், உள் சக்கரம் முன்னால் வரும். ஆக்ஸிலே திரும்பிக்கொண்டு வண்டியின் பின்புறத்தை வளைவுக்கு வெளியே தள்ளும். இலேசான வண்டியில் இது ஆபத்து. முன் முனை தாழ்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு. வண்டி நிதானமாகத் திரும்பும். நம் வண்டி ஓட்டுநர் மட்டும் ஏறினால் சுமார் 18 மி.மீ. இறங்குகிறது, இரண்டாவது ஆள் ஏறினால் இன்னும் அவ்வளவு. அதனால் ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கும் நிலையில் கம்பிகள் மட்டமாக இருக்கும்படி வைக்கச் சொல்கிறேன். கூட ஒருவர் ஏறினால் முன் முனை தாழ்ந்து பத்திரமான பக்கத்துக்கே போகும். இரண்டு பேர் பாரத்தில் மட்டம் பார்த்துவிட்டால், தனியாக ஓட்டும்போது முன் முனை உயர்ந்து நிற்கும். தனியாக இருக்கும்போதுதான் மச்சான் வேகமாக ஓட்டுவார்.

பான்ஹார்ட் கம்பி ஒரு முனையில் ஆக்ஸிலோடும் மறுமுனையில் சேசிஸோடும் இணைவதால், சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்ஸில் ஒரு வில்போல் பக்கவாட்டில் நகரும். அதனால் 1784-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்காகக் கண்டுபிடித்த நேர்க்கோட்டு இணைப்பைப் போடுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கம்பி 900 மி.மீ. நீளம் இருந்து, சக்கரம் 60 மி.மீ. ஏறினால், ஆக்ஸில் நகர்வது 2 மி.மீ. அவ்வளவே. கம்பியை 450-ஆகக் குறைத்தால் 4. ஆம்னியின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1.2 மீட்டர் இருக்கிறதால் 900 மி.மீ. கம்பிக்குத் தாராளமாக இடம் உண்டு. இரண்டு மில்லிமீட்டரை மிச்சம்பிடிக்க, நடுவில் சுழலுகிற ஒரு தண்டும் கூடுதல் ஜாயின்ட்டுகளும் வைப்பது நம் கடற்கரையில் வீண். நீளக் கம்பி ஒன்று, மட்டமாக, அவ்வளவு போதும்.

சுருள் ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? பைக்கின் பின் ஷாக்கை அப்படியே மாட்டுவது சுலபமாகத் தோன்றும், விலையும் குறைவு. ஆனால் அதன் ஓட்டம் பெரும்பாலும் 100 மி.மீ.-க்கும் குறைவு. நமக்கு 160 வேண்டும். மாருதி 800-இன் பின் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பார்க்கச் சொல்கிறேன். அதுவும் இலேசான வண்டி, அதன் பின் சக்கரத்தில் விழுகிற பாரம் நம்முடையதற்குப் பக்கத்தில் வருகிறது, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். மிகப் பழைய 800-இல் பின்னால் பட்டைதான். சுருள் வந்த பிறகான மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் விறைப்பை நீங்களே அளந்துவிடுங்கள். பிரஸ்ஸில் தராசை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, 25 மி.மீ. அமுக்கி எடை பாருங்கள். இன்னும் 25 அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் நழுவித் தெறித்தால் கை போய்விடும், ஆகவே சுற்றிலும் குழாய்க் கூண்டு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். ஷாக்கைச் சாய்த்து வைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டாக இருக்கிற வகையை 30 பாகை சாய்த்தால், சக்கரத்தில் கிடைக்கிற விறைப்பு நாலில் மூன்று பங்குதான். வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் கழன்று விழாதபடி, ஆக்ஸில் ஒரு அளவுக்குமேல் தொங்காமல் பிடிக்க இரண்டு நைலான் பட்டைகளும் வேண்டும்.

மூன்றாவது வழி டி டியான் ஆக்ஸில். 1890-களில் பிரான்ஸில் டி டியான் கம்பெனியின் நீராவி வண்டிகளுக்காக வந்த யோசனை. டிஃபரன்ஷியலை (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கட்டு) சேசிஸில் பூட்டிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரு வெற்றுக் குழாயால் மட்டும் இணைப்பது. லோட்டஸ் செவனைத் தொடர்ந்து தயாரித்த கேட்டர்ஹாம், 1980-களின் நடுவில் இதற்கு மாறத் தொடங்கியது. படிக்கப் படிக்க ஆசை வரும் ஏற்பாடு. சக்கரங்கள் எப்போதும் நேராக நிற்கும், டிஃபரன்ஷியலின் கனமான பல்சக்கரமான கிரவுன் வீல் ஆக்ஸிலோடு சேர்ந்து குதிக்காது. நம் வண்டியில் இப்போது பக்கத்துக்கு 97 கிலோவைத் தாங்குகிற ஸ்பிரிங்குக்குக் கீழே 37 கிலோ தொங்குகிறது. இலேசான வண்டி குதிப்பதற்கு இந்த விகிதம்தான் முக்கியக் காரணம், அதை டி டியான் உண்மையாகவே சரிசெய்யும்.

ஆனால் கேட்டர்ஹாமுக்குத் தொழிற்சாலை இருந்தது. நாம் ஆம்னி டிஃபரன்ஷியலை ஹவுசிங்கிலிருந்து எடுத்து, அதற்கு எண்ணெய் கசியாத புதுக் கூடு செய்ய வேண்டும். சக்கரத்தைச் சுழற்ற இரண்டு டிரைவ் ஷாஃப்ட், அவை மடங்கியபடியே சுழல நான்கு சிவி ஜாயின்ட், அவற்றை மூட நான்கு ரப்பர் பூட், சக்கரம் மாட்டப் புது ஹப். சீமைக் கருவேல முள் டயரையே கிழிக்கிற பாதையில் மெல்லிய ரப்பர் பூட் எத்தனை நாள் தாங்கும்? பூட் கிழிந்தால் கிரீஸ் போகும், மணல் ஏறும், ஜாயின்ட் முடிந்தது. அதோடு ஆக்ஸிலைப் பிடிக்க அதே கம்பிகளும் வேண்டும், ஒன்றுகூடக் குறையாது. மொத்த எடை கூடத்தான் செய்யும். தோப்புப் பாதையின் நடுமேடும் இதற்கு எதிராகப் பேசுகிறது: சாதா ஆக்ஸிலில் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எத்தனை ஆள் ஏறினாலும் மாறாது. சேசிஸில் பூட்டினால் வண்டி இறங்க இறங்க அதுவும் இறங்கும். தொங்கும் எடையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் இரும்புச் சக்கரத்தை விட்டு 12 அங்குல அலாய்க்குப் போங்கள். குறைவது கொஞ்சம்தான் என்றாலும் புதிதாக ஒரு ஜாயின்ட்கூட வராது.

நான்காவதான தனித்தனி சஸ்பென்ஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாடா நானோவின் பின்பக்கம் அப்படிப்பட்டது, சக்கரத்தைப் பிடிக்கிற சாய்ந்த இழுகைகளும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்டது. பழைய நானோக்கள் மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனால் நானோவின் எஞ்சினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பின்னால் ஒரே கட்டு. எஞ்சினை முன்னால் வைத்திருக்கிறவருக்கு அதிலிருந்து இழுகையும் ஹப்பும் கிடைக்கும், டிஃபரன்ஷியல் கிடைக்காது. டி டியானுக்குச் சொன்ன செலவெல்லாம் இதற்கும் உண்டு, மேலே சேசிஸின் பின்பகுதியையும் புதிதாக விறைப்பாக்க வேண்டும். இனிமேல்தான் வண்டி கட்டப் போகிறேன், எஞ்சினையும் பின்னால் வைக்கிறேன் என்பவர் நானோவை முழுசாக எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கு அதுவே முதல் தேர்வு.

சரி, இரண்டாவது வழிதான் என்று முடிவானால், உப்பை எப்படிச் சமாளிப்பது? கம்பிகளுக்குக் குழாய் எடுக்கிறோம் என்றால் இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் முழுக்க வெல்டிங் செய்து அடைக்க வேண்டும். பாதி அடைத்த குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உடையும். பிராக்கெட்டுகளை மணல் அடித்துச் சுத்தம் செய்து, சிங்க் பிரைமர், மேலே எபாக்ஸி. போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் 304 போடலாம் என்று தோன்றும். வேண்டாம். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் 8.8 ரக எஃகு போல்ட்டைவிட வலுக் குறைந்தது, நட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், உப்பில் அதற்கும் புள்ளிக் குழி விழும். துத்தநாகம் பூசிய 8.8 போட்டு, மெழுகு கலந்த எண்ணெய் தடவி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது மேல். ஓட்டி முடித்ததும் கழுவுவது நல்ல பழக்கம், ஆனால் பெரியபட்டினம், மண்டபம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடுவோம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்த தொட்டியிலிருந்து இரண்டு வாளி போதும்.

கடைசியாக மாட்டும்போது புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கிய நிலையில் முறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கையால் மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் ஒரு சிமெண்ட் மூட்டையும் அதற்கு மேல் அரை மூட்டை மணலும் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்ட பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்குகிற ஸ்பேனர்) போடுங்கள். தொங்குகிற நிலையில் இறுக்கின ரப்பர் வண்டி இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். ஸ்பிரிங்குக்கு நாம் கணக்குப் போட்ட 1.5 கிலோவோடு அதன் விறைப்பும் சேர்ந்துகொள்ளும், சில மாதத்தில் ரப்பரும் கிழியும். டார்க் போட்டு முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை கீழே படுத்துப் பார்க்கும்போது எது தளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.